அக்கா வாங்கித் தந்த முழுக்கைச் சட்டைகள்

கார் ஓட்டப் பழக வந்தவர்கள் எல்லோருக்கும் அவர் கிளட்ச் மாஸ்டர். வண்டி கிளம்பும்போது ‘கிளட்ச்’ என்பார், நிற்கும்போது ‘கிளட்ச்’ என்பார், நடுவில் பழகுகிறவர் வேறெதையோ யோசிப்பது தெரிந்தால் சும்மாவேனும் ஒரு ‘கிளட்ச்’ போட்டு வைப்பார். ஒரு தடவை கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வண்டியைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் சாத்திவிட்டு இறங்கி நின்றார். மாஸ்டர் தொட்டியைப் பார்த்தார், பேராசிரியரைப் பார்த்தார், அப்போதும் அதே சொல்லைத்தான் சொன்னார். அதோடு பெயர் நிலைத்துவிட்டது. பிடிக்காதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாரே தவிர, யாராவது வெறும் ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டால் அன்று முழுக்க எதையோ பறிகொடுத்தவர் போல இருப்பார்.

பள்ளி என்பது மொத்தமே இரண்டு அறை. முன்னறையில் சாலைக் குறியீடுகள் வரைந்த பலகை, அதற்கு எதிரே நீள பெஞ்சுகள், ஓரத்தில் அக்காவின் மேசை. அக்கா அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். புருஷனும் போய், ஒரே மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு, தம்பியோடு சேர்ந்து இந்தப் பள்ளியை ஆரம்பித்தாள். குறியீட்டுப் பாடம் நடத்துவது, முறை போட்டுக் கொடுப்பது, வராதவர்களைப் போனில் பிடித்துத் திட்டுவது எல்லாம் அவள் வேலை. மாஸ்டருக்குக் கார் மட்டும். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் வண்டியில் அவருக்கு ஏதாவது ஒரு பாகம் மாற்ற வேண்டியிருந்தது. கடைசியில் பேச்சு வருவதே நின்றுபோனது. பள்ளிக்குப் பின்னாலேயே வீடு. கீழே அக்கா, மாடியில் தம்பி.

வண்டியில் பழகுகிறவர் வலது பக்கம் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார். மாஸ்டர் இடது பக்கம், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கோடு உட்கார்ந்திருப்பார். அவருடைய இடது கை முழுக்க ஜன்னலுக்கு வெளியேதான். பழக வருகிறவர்களுக்கு இண்டிகேட்டர் போட ஞாபகமே வராது என்பது அவர் கண்ட அனுபவம். ஆகவே வண்டி திரும்பும் முன்னால் அந்தக் கை நீளும். நிற்கும் முன்னால் மேலும் கீழும் ஆடும். பின்னால் ஹாரன் அடித்து அவசரப்படுத்துகிறவர்களை ‘போய்யா, போ’ என்று அனுப்பி வைக்கும். பஸ் டிரைவர்கள் அந்தக் கையை வைத்தே வண்டியை அடையாளம் கண்டு தள்ளிப் போவார்கள். வலது கையும் இடது கையும் நிறத்திலேயே வேறு. இரண்டு ஆட்களிடம் ஆளுக்கொன்றாக வாங்கிப் பொருத்திக்கொண்ட மாதிரி இருக்கும்.

நாற்பதை நெருங்கும்போது சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. முதலில் செருப்பு இறுகியது, பிறகு முகம் ஊதியது, பிறகு பிரேக்கை மிதிக்கவே மூச்சு வாங்கியது. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் நாற்காலி, மீதிப் பாதி அந்த நாற்காலியிலிருந்து எழுந்த களைப்பு. காரை வேறொருவர் எடுத்துக்கொண்டு போவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் சாவியைக் கேட்டு வாங்கிப் போய், நின்ற வண்டிக்குள் சும்மா உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே போட்டுக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அக்காவின் சிறுநீரகம் பொருந்தியது. மகள் போனில் அழுது பார்த்தாள், அக்கா காதில் வாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின காலையில் மாஸ்டர் வாசலில் நின்றுகொண்டு ஒரு நிபந்தனை போட்டார். மறுபடி வண்டியில் உட்கார முடியாது என்றால் இந்தச் சிறுநீரகமே எனக்கு வேண்டாம், இப்படியே போய்ச் சேர்ந்துவிடுகிறேன் என்றார். பயத்தில் பேசின பேச்சு. அக்கா பையைத் தூக்கி வண்டியில் வைத்தாள்.

ஊசி, கத்தி, வியாதிப் பேச்சு எதுவுமே மாஸ்டருக்கு ஆகாது. டாக்டர் வாயைத் திறந்தாலே ‘எனக்குச் சொல்லாதீங்க, அக்காகிட்டச் சொல்லுங்க’ என்று எழுந்துவிடுவார். ஆபரேஷனுக்குப் பிறகும் அதே கதைதான். அவர் ரத்தப் பரிசோதனை வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அக்கா உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள், கேட்டதற்கெல்லாம் பதிலும் அவளே சொல்வாள். வெளியே வந்து எந்த மாத்திரை எப்போது என்பாள். அவர் வாயைத் திறந்து விழுங்குவார். அக்கா சொன்னால் சரி, அதற்கு மேல் யோசிக்க அவருக்கு எதுவும் இருந்ததில்லை.

அப்படியும் அவர் காதில் தப்பித் தவறி விழுந்தது ஒன்று உண்டு. கிருமி. புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும், அதனால் கூட்டமும் இருமலும் அடைத்த அறையும் ஆகாது என்று யாரோ சொன்னார்கள். பிடித்தாரே பார்க்கலாம், உடும்புப் பிடி. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து மூச்சு விடுகிற வண்டியில் ஏசி போடுவதாவது! ஜன்னல் நாலும் எந்நேரமும் இறங்கியே இருந்தன. வகுப்பறைக்குள் கால் வைப்பதை விட்டார். பயிற்சி மைதானத்தில் எல்லோரும் தங்கள் முறைக்காகத் தகரக் கொட்டகை நிழலில் காத்திருப்பார்கள். அவர் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் நட்டநடு வெயிலில் போட்டு உட்காருவார். வெயிலில் எந்தக் கிருமியும் நிற்காது என்பது அவர் கட்சி. மற்றவர்கள் வெயிலுக்குப் பயந்து ஒதுங்கினார்கள், அவர் மனிதர்களுக்குப் பயந்து வெயிலில் ஒதுங்கினார். ஒரு சளி, ஒரு தும்மல் அவரை அண்டவில்லை. அதில் அவருக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அக்கா மைதானத்துக்கு வந்தால் முதல் காரியமாக அந்த நாற்காலியை எடுத்து நிழலில் போடுவாள். வெயிலில் கிடந்தால் நாற்காலி வெளுத்து உடைந்துபோகும் என்பாள். அவள் தலை மறைந்ததும் நாற்காலி பழைய இடத்துக்குப் போய்விடும். பிறந்தநாள் வந்தால் முழுக்கைச் சட்டை வாங்கித் தருவாள். முழுக்கை போட்டால் மாஸ்டருக்குக் கை ஓடாது. நேரே தையல்காரரிடம் போய் அரைக்கையாக வெட்டிக்கொண்டு வந்து, அக்காவின் எதிரிலேயே போட்டுக்கொண்டு நிற்பார். “உன்கிட்ட இருந்ததுல பாதியத்தான் எனக்குக் கொடுத்த, சட்டைக்கு மட்டும் எதுக்கு முழுக் கை?” என்று கேலி செய்வார். அக்கா அந்த வெட்டின கையைப் பார்ப்பாள். ஏதோ சொல்ல வாயெடுப்பாள். பிறகு, “டீ ஆறிரும், குடி” என்பாள்.

தொப்பி வாங்கித் தந்தாள். பழக வந்த யாரோ ஒரு வழுக்கைத் தலையருக்கு அதைத் தானம் பண்ணிவிட்டார். முகத்துக்கும் கைக்கும் தடவ ஒரு க்ரீம் வாங்கி வைத்தாள். என்னைப் பெண் பார்க்கவா வருகிறார்கள் என்று கேட்டு மூடியைக்கூடத் திறக்கவில்லை. வண்டிக் கண்ணாடிகளுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டச் செய்தாள்; இறக்கியே வைத்திருக்கிற கண்ணாடிக்கு எதை ஒட்டினால்தான் என்ன. அக்காவுக்கு வயதாகிறது, நச்சரிக்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

வருடங்கள் நன்றாகவே ஓடின. அக்காவின் சிறுநீரகம் ஒரு குறையும் வைக்கவில்லை.

இடது புறங்கையில் ஒரு பொருக்கு வந்தது. கார்க் கதவின் விளிம்பில் உரசியிருக்கும் என்று விட்டுவிட்டார். அது உதிர்ந்தது, மறுபடி வந்தது, வந்தபோது முன்னைவிடத் தடிப்பாக, சொரசொரவென்று வந்தது. இடது காது மடலின் மேல்விளிம்பிலும் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. தீக்காயத்துக்குப் போடும் களிம்பைப் போட்டுப் பார்த்தார். பழக வந்த பெண் ஒருத்தி, ரிவர்ஸ் எடுக்கப் பின்னால் திரும்பியவள், மாஸ்டரின் காதிலிருந்து காலரில் வழிந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு வண்டியை அப்படியே நிறுத்திவிட்டாள். கிளட்ச்சை மிதிக்காமல் நிறுத்தினாள் என்றுதான் அவருக்கு வருத்தம்.

அன்று மாலை டீ டம்ளரை நீட்டும்போது அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். டம்ளர் அவள் பிடியிலிருந்து நழுவித் தரையெல்லாம் டீ ஆனது. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டாள். மாதக் கணக்கில் என்றதும் போனை எடுத்துத் தோல் டாக்டரிடம் நேரம் வாங்கினாள். ஆனால் போக வேண்டிய நாள் வந்தபோது, வகுப்பு இருக்கிறது, நீயே போய்விட்டு வா என்றுவிட்டாள். ஒரு ஊசிக்குக்கூட அவரைத் தனியாக விடாதவள். மாஸ்டருக்கு அது விநோதமாகப் பட்டது, பட்டதோடு சரி.

தோல் டாக்டர் வயதில் சின்னவர், பேச்சில் நிதானமானவர். லென்ஸ் வைத்துப் பார்த்தார், இரண்டு இடத்திலும் மிளகளவு தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்றும் மாஸ்டர் தனியாகத்தான் போனார். கையில் இருப்பதும் காதில் இருப்பதும் தோல் புற்றுநோய் என்றார் டாக்டர். அதிகம் ஆழமாகப் போகவில்லை, வெட்டி எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். ‘அக்காகிட்டச் சொல்லுங்க’ என்று சொல்ல மாஸ்டர் வாயைத் திறந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஆக, ஒரு டாக்டர் சொல்வதை முதல் தடவையாக அவரே முழுக்கக் கேட்டார்.

உடம்புக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான் என்றார் டாக்டர். வேற்றாளின் சிறுநீரகத்தை அவன் விரட்டிவிடக் கூடாது என்றுதான் மாத்திரை கொடுத்து அவனைத் தூங்க வைக்கிறோம். அவன் தூங்குகிற வீட்டில், வெயில் பட்டுக் கெட்டுப்போகிற தோலைக் கவனிக்கவும் ஆள் இல்லை. அதனால் உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கு இந்த நோய் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வரும், வேகமாகவும் வளரும். கறுத்த தோலுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு, ஆனால் வரவே வராது என்று இல்லை. இரண்டும் ஏன் இடது பக்கமே வந்திருக்கிறது, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். மாஸ்டர் சொன்னார்.

“வெயில்ல போகக் கூடாது, வருஷா வருஷம் தோலைக் காட்டணும்னு ஆபரேஷன் சமயத்துலயே சொல்லியிருப்பாங்களே?”

“ஒருத்தரும் சொல்லல டாக்டர்.”

அந்த நிமிஷம் மாஸ்டருக்கு வந்த கோபத்தில் ஒரு சுகமும் இருந்தது. திட்ட ஆள் கிடைத்துவிட்டதே. நேரே, சிறுநீரகம் மாற்றின பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டார். ‘எல்’ போர்டு மாட்டின காரை வாசலில் குறுக்கே நிறுத்தினார். பழகுகிறவர் யாராவது அப்படி நிறுத்தியிருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். கிட்னி வார்டுக்குள் நுழைந்து, எத்தனையோ வருடமாகத் தன்னைப் பார்த்து வரும் நர்ஸின் மேசையின் மேல் இடது கையை வைத்தார். காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் கேட்கும்படி ஒரு பிடி பிடித்தார். வெட்டித் தைக்கத் தெரிந்த உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா என்றார். நம்பி வந்தவன் தலையில் கல்லைப் போட்டுவிட்டீர்களே என்றார். நர்ஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டருக்கு மூச்சு வாங்கி நின்றபோதுதான் பேசினார்.

“நீங்க இன்னமும் கார் கத்துக்கொடுக்கறீங்களா?”

“பின்ன, வேற என்ன பண்ணுவேன்?”

“ஆபரேஷனுக்கு அப்புறம் அத விட்டுட்டீங்க, ஆஃபீஸ்ல உக்காந்து பாடம் நடத்தறீங்கன்னுதானே உங்க அக்கா சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் கேப்பேன், ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்வாங்க. தோல் டாக்டர்கிட்ட வருஷம் தவறாம காட்டறதாவும் சொன்னாங்க.”

வீட்டுக்கு அனுப்பின அன்றைக்கே எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன் என்றார் நர்ஸ். வெயிலுக்குத் தடவும் க்ரீமைத் தன் கையிலேயே போட்டுக் காட்டியதாகவும், அக்கா இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டதாகவும் சொன்னார். பிறகு குரலைத் தணித்து, “உங்ககிட்டயே ஒரு தடவ கேக்காதது என் தப்புதான் மாஸ்டர். நீங்க எப்பவும் அக்காவக் கேளுங்கன்னுதான் சொல்வீங்க. நானும் விட்டுட்டேன்” என்றார்.

மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. மேசை மேல் வைத்த கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தார், அரைக்கைச் சட்டையில் அந்தக் கையை ஒளிக்க இடம் இல்லை.

வண்டிக்குள் வந்து உட்கார்ந்தவருக்குச் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. புற்றுநோய் என்று கேட்டபோது வராத அழுகை இப்போது வந்தது. முழுக்கைச் சட்டைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. நீலக் கட்டம் போட்டது, சாம்பல் நிறம், கோடு போட்டது. ஒவ்வொன்றையும் வெட்டிக்கொண்டு வந்து அக்காவின் முன்னால் நின்று சிரித்தது ஞாபகம் வந்தது. தெரிந்துகொண்டேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெயிலில் நாற்காலி கெட்டுப்போகும் என்று சொன்னவள், அதில் உட்கார்ந்திருந்த ஆள் கெட்டுப்போவான் என்று சொல்லவில்லை. ஊரில் யார் ஏமாற்றியிருந்தாலும் தாங்கியிருப்பார். அக்கா என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வகுப்பு முடிந்து பெஞ்சுகள் காலியாக இருந்தன. அக்கா பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

“நான் ஆஃபீஸ்ல உக்காந்து பாடம் நடத்தறேனாமே?” என்றார் மாஸ்டர்.

அக்கா மறுக்கவில்லை, பூசி மெழுகவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். “ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்ப நீ என்ன சொன்ன? கார்ல உக்கார முடியாதுன்னா எனக்கு இதே வேணாம்னியா இல்லையா?”

“சொன்னேன். அது பயத்துல சொன்னது.”

“நானும் பயத்துலதான்டா சொல்லல. நின்ன வண்டிக்குள்ள உக்காந்து நீ அழுததப் பாத்தவ நான். வெயில்ல போகாதன்னு சொன்னா திரும்பவும் அந்த மாடி ஜன்னல்ல போய் உக்காந்துருவ. நம்ம தோலுக்கெல்லாம் என்ன வந்துரப்போகுதுன்னு நெனச்சேன்.”

“சரி. முதல் வருஷம் சொல்லல. அப்புறம்?”

“அப்புறம் எப்படிடா சொல்றது? சொன்னா, ஏன் இத்தன நாளா சொல்லலன்னு கேப்ப.”

அந்த ஒரு பதிலில் பொய்யே இல்லை என்பதுதான் மாஸ்டரை இன்னும் எரிய வைத்தது. கத்த வேண்டும் போலிருந்தது. உன் கிட்னியை நீயே வைத்துக்கொண்டிருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. வந்த வேகத்தில் வலது கை தானாக அடிவயிற்றுப் பக்கம், அந்தத் தழும்பின் மேல் போய் நின்றது. யார் மேல் கோபமோ, அவள் கொடுத்தது உள்ளே உட்கார்ந்து அவருக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது. நிம்மதியாகக் கோபப்படக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டாள்.

“உள்ள இருக்கற கிட்னி உன்னுது, ஒத்துக்கறேன்” என்றார். “வெளிய இருக்கற தோலும் உன்னுதா அக்கா? அதுக்கு என்ன வரும், என்ன வராதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?”

மாஸ்டர் மாத்திரை டப்பாவை அவள் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

அதன் பிறகு இருவரும் பேசிக்கொண்டது பள்ளி விஷயம் மட்டும்தான், அதுவும் பழக வந்தவர்கள் எதிரில். சாப்பாட்டைக் கடையில் பார்த்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு அவரே போய்ச் சேர்ந்தார், அவரே கையெழுத்துப் போட்டார். புறங்கையில் வெட்டின இடத்துக்குத் தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். காதின் மேல்விளிம்பில் கொஞ்சம் போனது. சிறுநீரக டாக்டர் மாத்திரைகளில் ஒன்றை மாற்றினார். அறவே நிறுத்த முடியாது, நிறுத்தினால் சிறுநீரகம் போய்விடும் என்றார். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். எழுந்து போகவில்லை. வார்டு வாசல் பெஞ்சில் அக்கா வந்து உட்கார்ந்திருந்ததை நர்ஸ் சொன்னார். தெரியும் என்று மட்டும் சொன்னார் மாஸ்டர்.

வேலைக்குத் திரும்பியபோது ஆளே மாறியிருந்தார். அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் வண்டியில் உட்காருவார். கண்ணாடிகள் ஏறியிருக்கும், ஏசி ஓடும், கையில் உறை, தலையில் அகலமான தொப்பி. பகலில் முகமூடியைப் போட்டுக்கொண்டு வகுப்பறையில் பாடம் நடத்தினார். அக்கா அன்று ஆஸ்பத்திரியில் சொன்ன பொய் ஒரு வழியாக உண்மையாகிவிட்டது. வெட்டின சட்டைகளுக்கு மறுபடி கை வைக்க முடியுமா என்று தையல்காரரிடம் போய்க் கேட்டார். அந்தத் துண்டுகளை வைத்துத்தான் இத்தனை நாளாக மெஷின் எண்ணெயைத் துடைக்கிறேன் என்று அவர் காட்டினார். நீலக் கட்டம் ஒன்று கரியாகிக் கிடந்தது. புதிதாக முழுக்கைச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு தடவை வந்தவருக்கு இது மறுபடியும் வரலாம், வேறு இடத்திலும் வரலாம் என்று தோல் டாக்டர் சொல்லியிருந்தார். மாதம் ஒரு தடவை உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும்; முதுகையும் தலையையும் காதுக்குப் பின்னாலும் வேறொருவர்தான் பார்க்க வேண்டும். மாஸ்டர் முதலில் இரண்டு கண்ணாடி வைத்துக்கொண்டு தானே பார்த்துவிடலாம் என்று முயன்றார். காரில் மூன்று கண்ணாடி வைத்து உலகத்தையே பின்னால் பார்க்கிறவருக்குத் தன் முதுகைப் பார்க்க முடியவில்லை. கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

மறுநாள் மத்தியானம், வகுப்பு கலைந்த பிறகு, அக்காவின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். சட்டையைக் கழற்றிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

“பாரு. இருக்கறத இருக்குன்னு சொல்லு.”

அக்கா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. தலைமுடியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால், பிடரியில், தோள்களில் அவள் விரல் மெல்ல நகர்ந்து போனது. இடது தோள்பட்டைக்குக் கீழே வந்ததும் விரல் நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே இருந்தது. அவள் மூச்சை இழுத்து விடுவது அவருக்குக் கேட்டது. பிறகு விரல் அங்கிருந்து கிளம்பி இடுப்பு வரை போய் முடிந்தது.

“ஒண்ணும் இல்லடா” என்றாள் அக்கா. “சுத்தமா இருக்கு.”

மாஸ்டர் சட்டையைப் போட்டுக்கொண்டு, பட்டன்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, மாடிக்குப் போனார். விரல் நின்ற இடம் சுடுகிற மாதிரி இருந்தது. இவ்வளவுக்குப் பிறகுமா? கை போய், காது போய், பேச்சு போய், அதற்குப் பிறகும் இவளுக்கு உண்மை சொல்ல வரவில்லையா? முதல் தடவை ஏமாந்ததற்கு அவள் காரணம். இந்தத் தடவை நம்பித் தொலைத்தால் காரணம் நான்தான் என்று சொல்லிக்கொண்டார்.

விடிந்ததும் விடியாததுமாகத் தோல் டாக்டரின் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். அங்கிருந்த நர்ஸிடம் விஷயத்தைச் சொல்லி, டாக்டர் வந்ததும் முதல் ஆளாக உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினார். இடது தோள்பட்டைக்குக் கீழே, அங்கே பாருங்கள், அங்கே ஏதோ இருக்கிறது என்றார். டாக்டர் லென்ஸ் வைத்து நிதானமாகப் பார்த்தார். மற்ற இடங்களையும் பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே வந்தார்.

“இது மச்சம். பிறந்ததுலேர்ந்தே இருக்கற மாதிரி தெரியுது. பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. உங்களுக்குத் தெரியாதா?”

முதுகில் இருப்பது தனக்கு எப்படித் தெரியும் என்றார் மாஸ்டர்.

“சின்ன வயசுல உங்களக் குளிப்பாட்டினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார் டாக்டர் சிரித்துக்கொண்டே. “வீட்ல யார் பாக்கறாங்க?”

“அக்கா.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் இல்லன்னாங்க.”

“சரியாத்தானே சொல்லியிருக்காங்க. அவங்களையே தொடர்ந்து பாக்கச் சொல்லுங்க.”

மாஸ்டர் சட்டையைப் போட்டுக்கொள்ள வெகுநேரம் ஆனது. ஒட்டுப்போட்ட கைக்கு இன்னும் பட்டன் சரியாகப் பிடிபடவில்லை. ஒரு பித்தளை அண்டா, சோப்பு நுரை, கண்ணை மூடிக்கோடா என்கிற பெண்ணின் குரல், முதுகில் ஒரே இடத்தில் வந்து கிள்ளி விளையாடுகிற விரல்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. நேற்று அந்த விரல் ஏன் நின்றது என்று இப்போது தெரிந்தது. உண்மையைச் சொன்ன அன்றைக்கு அவளை நம்பவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் இதை அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தார். சொல்வதற்கு வார்த்தையும் எடுத்து வைத்திருந்தார். உன் மேல் நம்பிக்கை இல்லாமல் போய்க் காட்டிவிட்டு வந்தேன், நீ சொன்னதுதான் சரி. இவ்வளவுதான். இதைச் சொன்னால் அவள் முகம் எப்படி ஆகும் என்று யோசித்தபோது கால் பிரேக்கைத் தேடியது.

அக்கா வகுப்பறையில் பெஞ்சுகளை நேராக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மேசை மேல் இரண்டு டம்ளர் டீ இருந்தது. அவர் வருவார் என்று தெரியாமலேயே இரண்டு டம்ளர்.

“காலங்காத்தால எங்கடா போன?”

“கிரவுண்டுக்கு” என்றார் மாஸ்டர்.

அக்கா அவரைப் பார்த்தாள். பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்த முழுக்கைச் சட்டையைப் பார்த்தாள். வாசலில், இரவு நிறுத்தின இடத்தைவிட்டு வேறிடத்தில் நின்ற காரையும், அதன் முன்கண்ணாடியில் செருகியிருந்த ஆஸ்பத்திரிப் பார்க்கிங் சீட்டையும் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“டீ ஆறிரும், குடி” என்றாள்.

மாஸ்டர் எடுத்துக் குடித்தார்.